பச்சைக்கு அடியில் சிவப்பு

சிவப்பு ஸ்டிக்கரின் பசை நகக்கண்ணில் ஏறிவிட்டால் இரண்டு நாளைக்குப் போகாது. சோறு பிசையும்போதும் பின்னல் போடும்போதும் விரல் நுனி எதிலாவது ஒட்டி ஒட்டி விலகும்; அதன்மேல் எங்கள் ஊர்க் காற்றில் எந்நேரமும் மிதந்த இரும்புத் தூள் வந்து படிந்து, நகத்தடியில் பிறை மாதிரி கறுத்துக் கிடக்கும். ஏழாம் வகுப்பில் நான் செய்த ஒரே திருட்டுக்கு அந்தக் கறுப்புப் பிறைதான் சாட்சி.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் பள்ளிக்கூடத்து மதிலுக்கு அந்தப் பக்கம் இரும்பு உருக்கும் ஆலை. இந்தப் பக்கம் நாங்கள். வகுப்பில் முக்கால்வாசிப் பேருடைய அப்பாக்கள் தொழிற்பேட்டையில் ஏதோ ஒரு கம்பெனியில் இருந்தார்கள், ஆகவே கம்பெனி வார்த்தைகள் எங்கள் அடுப்படி வரைக்கும் வந்து உட்கார்ந்திருந்தன. பிய்ந்துபோன இட்லி 'ரீவொர்க்'. புழு இருக்கிற கத்தரிக்காய் 'ரிஜெக்ட்'. அம்மாவிடம் சொல்லாமல் தெருவுக்கு விளையாடப் போனால் 'கேட் பாஸ் இருக்குதா' என்று கேட்பாள். என் நைனா வால்வு வார்க்கிற ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தார். வார்த்து வருகிற ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், ஓட்டையோ விரிசலோ இருந்தால் சிவப்பு. பச்சை லாரிக்குப் போகும், சிவப்பு திரும்ப உலைக்குப் போகும். ஒரு பழுதைக்கூட கண்டும் காணாமல் விட்டதில்லை என்பதுதான் அவருடைய பெருமை. "என்னப் பொண்ணு பாக்க வந்தப்பவே டிஃபெக்ட் கீதான்னுதான் பாத்தாரு" என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

நைனாவின் வேதவாக்கு ஒன்று உண்டு. "செவப்பு ஒட்னத எவனும் தொடக் கூடாது. தொட்டா அந்தத் தப்பு உன்து ஆயிடும்." இதைக் கேட்டு வளர்ந்தவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை, வகுப்பே அப்படித்தான்.

இந்தச் சங்கதி எதுவும் தெரியாத ஒருவர் அந்த ஆண்டு எங்கள் பள்ளிக்கு நூலகராக வந்தார். வசந்தி மிஸ். பொன்னேரியிலிருந்து ரயிலில் வருவார், அதுதான் அவருக்கு முதல் வேலை, அதுவும் நிரந்தரமில்லாத வேலை. அதுவரை நூலகம் என்பது ஒரு பீரோ. அதற்குள் கடிதம் எழுதும் முறை, சுகாதாரப் பழக்கங்கள், இலக்கணச் சுருக்கம் என்று முதுகு கிழிந்த புத்தகங்கள். மிஸ் வந்த மாதத்தில் எங்கிருந்தோ ஒரு அட்டைப்பெட்டி வந்தது, அதில் அத்தனையும் புதுசு, சிறுவர்களுக்கென்றே அப்போதுதான் வெளிவந்தவை, வழவழப்பான தாளில் பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம். மிஸ் எல்லாவற்றையும் படித்துவிட்டு, தனக்கு ரொம்பப் பிடித்த இருபதைப் பொறுக்கித் தனி அலமாரியில் அடுக்கினார். பழையவற்றுக்குப் பச்சை வட்டம் ஒட்டினார். தனக்குப் பிடித்த இருபதுக்கும் சிவப்பு வட்டம்.

முதல் நூலக வகுப்பில், "சிவப்பு ஒட்டினதெல்லாம் நானே ஒண்ணொண்ணாப் பார்த்து ஒட்டினது" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. நாங்கள் மரியாதையோடு தலையாட்டினோம். ஒன்றொன்றாகப் பார்த்துத்தானே சிவப்பு ஒட்டுவார்கள். அப்புறம் எல்லோரும் வரிசையாகப் போய்ப் பச்சை எடுத்துக்கொண்டோம்.

வாரக்கணக்கில் இப்படியே போயிற்று. என் பக்கத்தில் உட்காரும் மும்தாஜ் கடிதம் எழுதும் முறையை நான்காவது முறையாக எடுத்துப் போய், வீட்டில் 'மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, நாளை காலை உப்புமா செய்ய வேண்டாமெனத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதிச் சுவரில் ஒட்டி அடி வாங்கினாள். மிஸ் சிவப்பு அலமாரியை ஜன்னலோரம் நகர்த்திப் பார்த்தார். துணி விரித்து மேசைமேல் பரப்பிப் பார்த்தார். ஒருநாள் என் கையிலேயே ஒன்றைக் கொடுத்து, "இதை எடுத்துப் பாரேன்" என்றார். எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. விற்காத அழுகல் தக்காளியைத் தலையில் கட்டப் பார்க்கிற கடைக்காரர் ஞாபகம் வந்தது. "வேணாம் மிஸ்" என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் எனக்குக் கை சும்மா இருக்காது. அந்தப் புத்தகத்தில் அப்படி என்னதான் பழுது? வெளியே பளபளவென்று இருக்கிறது, உள்ளே எங்கோ விரிசல் இருக்க வேண்டும். அது எது என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பதிவேட்டில் எழுதி எடுக்கவும் பயம். எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டு அண்ணன், கதவுக்கு முட்டுக் கொடுக்கலாமே என்று ஒரு ரிஜெக்ட் இரும்பைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக் கொண்டுவரப் போய், கேட்டில் பிடிபட்டு வேலையை இழந்திருந்தார். ஆகவே யாருக்கும் தெரியாமல் ஒரு புத்தகத்தைப் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டு வந்தேன். வந்ததும் முதல் வேலையாக ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன். பாதிதான் வந்தது.

பழுது தேடித்தான் படித்தேன், சத்தியமாக. நைனா செய்கிற மாதிரியே விரலை வரிவரியாக ஓட்டி, பக்க எண் சரியா, படம் தலைகீழா, எழுத்து விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்தேன். கழுத்தில் மணி கட்டிய ஓர் ஆடு டிக்கெட் இல்லாமல் ரயிலேறிப் போகிற கதை. ஆறாவது பக்கத்துக்கு மேல் விரல் எங்கேயோ நின்றுவிட்டது, நான் மட்டும் போய்க்கொண்டிருந்தேன். முடிந்ததும்தான் தேட மறந்தது உறைத்தது. மறுபடி முதலிலிருந்து தேடினேன், மறுபடி ஆட்டோடு போய்விட்டேன். பழுது அகப்படவில்லை. சரி, அடுத்ததில் இருக்கும். சர்க்கரை டப்பாவுக்குள் எறும்புகள் தேர்தல் நடத்துகிற புத்தகத்தை எடுத்து வந்தேன். அதிலும் இல்லை. கூவ மறந்துபோன சேவலால் ஊரே தூங்கிக் கிடக்கிற புத்தகத்திலும் இல்லை. நான்காவதில் ஒருவழியாக அகப்பட்டது: பழவேற்காட்டு ஏரி மாதிரி ஓர் ஏரி, அதில் வந்து இறங்கும் பறவைகள், கடைசி வரைக்கும் ஒரு எழுத்துகூட இல்லை. அச்சடிக்க மறந்துவிட்டார்கள். பாவம், அதற்காகவா இத்தனைக்கும் சிவப்பு?

நான்கும் வீட்டில் அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்தபோதுதான் தலைமையாசிரியை நூலக வகுப்புக்குள் வந்தார். பதிவேட்டைப் புரட்டினார். சிவப்பு அலமாரியில் இருந்ததை எண்ணினார். பதினாறு.

"இந்தப் புது புக்குல ஒண்ணுகூட ஒரு பிள்ளையும் எடுக்கல. ஆனா நாலு இல்ல. எடுக்காத புக்கு எப்படிம்மா காணாமப் போவும்?"

மிஸ் எழுந்து நின்றிருந்தார்.

"வெள்ளிக்கெழம கமிட்டி வருது. யாரும் தொடாத புக்குக்கு எதுக்கு ஒரு ரூமு, எதுக்கு ஒரு ஆளுன்னு கேப்பாங்க. ஸ்டோர் ரூம் ஆக்கிட்டு உங்கள அனுப்பிடுவாங்க. நான் இன்னா சொல்றது?"

அவர் போன பிறகு மிஸ் அலமாரிப் பக்கம் திரும்பி நின்று, சிவப்பு வட்டங்களை ஒவ்வொன்றாகக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டிருந்தார், விழுந்துவிடப் போகிற மாதிரி. சொன்னால் நான் திருடி. சொல்லாவிட்டால் மிஸ்ஸுக்கு வேலை இல்லை.

அன்று சாயங்காலம் முதல் ஷிஃப்ட் முடிந்து வந்த நைனா, புது அரிசி மூட்டையைக் கொட்டுவதற்காக டிரம்மை நகர்த்தினார்.

"இன்னாமே இது. செவப்பு மாலு ஊட்ல இன்னா பண்ணுது?"

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். ஆடு, எறும்பு, மிஸ், கமிட்டி, மூன்றாவது வீட்டு அண்ணன் எல்லாம் ஒன்றாகக் கலந்து வந்தது. நைனா அடிக்கவில்லை. முகம் கழுவி, கையைத் துடைத்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "மொதல்ல டிஃபெக்ட் இன்னான்னு பாக்கலாம்" என்றார்.

புத்தகத்தின் முதுகைத் தடவினார். தையலை இழுத்துப் பார்த்தார். தாளை வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு படிக்க ஆரம்பித்தார், உதடு அசைய அசைய. டிக்கெட் பரிசோதகரின் சீட்டுக்கு அடியிலேயே ஆடு ஒளிந்துகொள்கிற இடத்தில் அவர் தோள் குலுங்கியது. ஒரு பக்கத்தில் மட்டும் கொஞ்சம் நின்றார். முந்தின பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார், பிறகு மேலே போனார்.

"டீ ஆறுது" என்றாள் அம்மா.

"இரும்மே, ஆடு இறங்கப் போவுது."

நான்கையும் முடித்துவிட்டுத்தான் டீயைத் தொட்டார். மறுநாள் அவருக்கு இரண்டாவது ஷிஃப்ட். இஸ்திரி போட்ட சட்டை, பையில் கம்பெனி அட்டை, என் கையில் நான்கு புத்தகம். காலையிலேயே நூலகத்தில் எங்களைப் பார்த்ததும் மிஸ் பயந்துவிட்டார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் நைனா. "இந்த மாலுக்கு இன்ஸ்பெக்‌ஷன் பண்ணது யாரு?"

"நான்தான் சார்" என்றார் மிஸ், அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நல்லா கீற மாலுக்கு ஏன் செவப்பு போட்டீங்க? மூணுல ஒண்ணும் இல்ல. இந்தப் பறவ புக்குல மட்டும் எழுத்து உட்டுப் போயிருக்குது."

"அது அப்படித்தான் சார். எழுத்தே இல்லாம படத்தாலயே சொல்ற கதை."

"டிராயிங்லயே அப்டித்தானா?"

"ஆமா சார்."

"டிராயிங்லயே அப்டின்னா ஓகே." கம்பெனி வரைபடத்தில் உள்ளபடி இருந்தால் அது பழுதில்லை என்பது அவர் கணக்கு.

மிஸ் மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "சார், உங்க கம்பெனியில சிவப்புன்னா என்ன?"

"ரிஜெக்ட் மேடம். ஒலைக்குப் போறது."

மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். விரலிடுக்கு வழியாகச் சிரிப்பு வந்தது, அதோடு கண்ணீரும் வந்தது. "எனக்குப் பிடிச்சதுக்கெல்லாம் பொட்டு வெச்சேன் சார்" என்றார். "பொட்டு வெச்சேன்."

இரண்டு மாதமாக என் நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று அந்தச் சிரிப்போடு எழுந்து போய்விட்டது. அப்படி ஒரு லேசான மூச்சை அதற்கு முன் நான் விட்டதில்லை.

மிஸ் ஸ்டிக்கர்களை உரிக்கப் போனார். நைனா தடுத்தார். தவறாகச் சிவப்பு போட்ட மாலில் அதை உரிக்கக் கூடாதாம், மேலேயே பச்சை ஒட்டி, பார்த்தவன் கையெழுத்துப் போட வேண்டுமாம். அப்படியே நான்கு புத்தகத்துக்கும் பச்சை ஒட்டி, பால்பாயின்ட் பேனாவால் சின்னதாகக் கையெழுத்திட்டார். மீதிப் பதினாறையும் மிஸ் நீட்டியபோது, "நான் பாத்தது நாலுதான் மேடம். பாக்காததுல போட மாட்டேன், அத்த நீங்களே போடுங்க" என்று கும்பிட்டுவிட்டு ஷிஃப்டுக்குக் கிளம்பினார். என் பெயருக்கு நேராக மிஸ் பதிவேட்டில் எழுதியது இன்றும் நினைவில் இருக்கிறது: 'ஆய்வுக்காக எடுத்துச் செல்லப்பட்டவை: நான்கு.'

அப்புறம் நடந்ததைச் சொல்லவே வேண்டாம். மும்தாஜ் ஆட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். வெள்ளிக்கிழமை கமிட்டி வந்தபோது அந்தத் தனி அலமாரி காலியாக இருந்தது. "புக்கெல்லாம் எங்கம்மா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். மிஸ் முந்துவதற்குள் மும்தாஜ் சொன்னாள், "ஊடு ஊடாப் போயிக்கீது சார்." பெரியவர் பதிவேட்டைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், போய்விட்டார். மிஸ் நாங்கள் பத்தாவது முடிக்கிற வரைக்கும் அங்கேதான் இருந்தார்.

போன மாதம் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன், என்னிடம் சேர்ந்துவிட்ட சிறுவர் புத்தகங்களைக் கொடுக்க. மிஸ் கல்யாணமாகித் திருநின்றவூர்ப் பக்கம் போய்விட்டார். நூலக அறை இருந்த இடத்தில் இப்போது பெரிய திரை மாட்டிய வகுப்பு. புத்தகங்கள் வகுப்புக்கு வகுப்பு பிரிந்துவிட்டன. மதிலுக்கு அந்தப் பக்கத்து ஆலை மூடிக் கிடக்கிறது, பெஞ்சைத் தடவினால் விரல் கறுக்கவில்லை. அதற்காக வருத்தப்பட எனக்கு வரவில்லை, நிம்மதியாகத்தான் இருந்தது. நைனாவின் கம்பெனியில்கூட இப்போது ஸ்டிக்கர் கிடையாதாம், ஒரு கருவி கறுப்புக் கோடுகளைப் படித்துச் சொல்லிவிடுகிறதாம். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார்.

ஆறாம் வகுப்பு அலமாரியில் அந்த ஆடு இருந்தது. பச்சை வட்டம் காய்ந்து சுருங்கி, ஓரத்தில் நான் சுரண்டியது போக மீந்த சிவப்பு மெல்லிய பிறையாகத் தெரிந்தது. நடுவில் நைனாவின் கையெழுத்து, ஊதா நிறம் வெளுத்து. நின்றபடியே படித்தேன். ஆடு ஜன்னலோர சீட்டில் தூங்குகிற பக்கம் வந்ததும் நின்றுவிட்டேன். முந்தின பக்கத்தைத் திருப்பினேன். அதில் ஆட்டின் கழுத்தில் மணி இருந்தது. இதில் இல்லை. அடுத்ததில் மறுபடி இருந்தது. படம் போட்டவர் ஒரே ஒரு பக்கத்தில் மறந்திருக்கிறார்.

அங்கிருந்தே நைனாவுக்கு போன் போட்டேன். "நைனா, நீ பாஸ் பண்ண ஆடு புக்குல டிஃபெக்ட் கீது. ஒரு பக்கத்துல மணி இல்ல."

"தெரியும்" என்றார். "அன்னிக்கே பாத்தேன்."

"பின்ன ஏன் பச்ச போட்ட?"

பின்னால் அம்மா எதையோ தாளிக்கிற சத்தம் கேட்டது.

"மணி இல்லன்னா இன்னா இப்ப" என்றார் நைனா. "ஆடு போய்க்கினுதான கீது."