குழாயில் அடைபட்ட காற்று

அப்போது திருச்சியில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. நீண்ட இரும்புக் குழாய். நடுவில் மெல்லிய அலுமினியத் தகடு. ஒரு பக்கம் காற்றை அடைக்க அடைக்கத் தகடு கிழியும். கிழிந்ததும் பாயும் காற்றில் பின்னால் வரும் அலைகள் முன்னால் போனவற்றை எட்டிப் பிடித்து, ஒரே சுவராகி, ஒலியையும் முந்தி ஓடும். அதுதான் அதிர்ச்சி அலை.

அன்று தகடு கிழியவில்லை. பம்பை நிறுத்தினோம். குழாய் மூச்சை அடக்கிக் காத்திருப்பதுபோல் இருந்தது. உள்ளே பார்க்க, அதன் திறந்த வாயருகே குனிந்தேன்.

"போயிட்டு வரேங்க, டீ சொல்லணும்," என்றார் கூட வேலை பார்த்த காதர் பாய்.

"வாங்க பாய்," என்று வாசல் பக்கம் நிமிர்ந்தேன்.

யாரும் தொடாமலே தகடு வெடித்தது. என் முகம் இருந்த இடத்தைக் கடந்து பாய்ந்த அலையில், எதிர் ஜன்னல் கண்ணாடி நொறுங்கியது.

பாய் வெளிறிப்போனார். "சொல்லாம போயிருந்தா?"

பிள்ளைகளே, நீங்கள் 'போயிட்டு வரேன்' என்று சொல்லாமல் பள்ளிக்கூடம் கிளம்பினால் அப்பா ஏன் தெருமுனை வரை ஓடி வருகிறார் என்று கேட்டீர்களே, இதனால்தான்.