பத்து நாள் கயிறு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் நடுவில் நாங்கள் திருத்தணி ரயிலடிக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். எனக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். எங்கள் வீட்டுக்கு நாய் வந்ததே அந்தக் கோபத்தால்தான் என்றால் சிரிப்பீர்கள்.

ஆடிக் கிருத்திகை முடிந்து காவடிக் கூட்டம் கலைந்த மறுநாள், ஜட்கா வண்டிகள் நிற்கும் இடத்தில் ஒரு செவலை நாய் படுத்துக் கிடந்தது. ஏதோ வண்டி ஏறிப் பின்னங்கால் வீங்கியிருந்தது. ஆறு வயது மகள் என் கையை உதறிவிட்டு ஓடி, தின்றுகொண்டிருந்த தேங்காய்ச் சில்லை அதனிடம் நீட்டினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். வீங்கிய காலையும் தடவிப் பார்த்தாள். வலி பொறுக்காமல் அது திரும்பி அவள் மணிக்கட்டைக் கடித்துவிட்டது.

கடித்த நாயை அங்கேயே அடித்துப் போடுவதுதான் எங்கள் ஊர் வழக்கம். பக்கத்தில் நின்றவனிடமிருந்து தடியைப் பிடுங்கி ஓங்கினேன். நாய் ஓடவுமில்லை, உறுமவுமில்லை. தலையைத் தரையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தது. அந்த வழியாக வந்த ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஓடிவந்து தடியைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார் பண்றீங்க? இத்த அடிச்சிட்டா வெறி இருந்திச்சா இல்லியான்னு யாரு வந்து சொல்றது? இட்டுகினு போய்க் கட்டிப் போடுங்க. பத்து நாள் நல்லா இருந்திச்சின்னா கொழந்தைக்கு ஒண்ணுமில்ல. சோறு தண்ணி எடுக்கலன்னா அன்னிக்கே மெட்ராஸுக்கு ரயில் ஏறிடுங்க. ஊசி அங்கதான்."

மகளின் காயத்தை ஆஸ்பத்திரியில் கார்பாலிக் திராவகம் வைத்துச் சுட்டார்கள். அவள் வீறிட்டது இன்னும் காதில் இருக்கிறது. கொல்லப் போன நாயை நானே ஜட்காவில் ஏற்றி வந்து, கொல்லையில் முருங்கை மரத்தடியில் கட்டினேன். மகள் அந்தப் பக்கமே போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

"அது பொழச்சாத்தாங்க நம்ம கொழந்த நமக்கு" என்று அடுப்படியில் மனைவி அழுதாள். மகள் அங்கேயே புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு என்ன புரியப் போகிறது என்று இருந்துவிட்டோம்.

நான் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட நானாக எடுத்துக் குடித்தவன் இல்லை. அந்த நாய்க்கு மூன்று வேளையும் சோறு பிசைந்து வைத்தேன். சுவரில் நாளுக்கு ஒரு கரிக்கோடு போட்டேன். நான்கு நாள் ஒழுங்காகத் தின்றது. ஐந்தாம் நாள் ராத்திரி வைத்த சோறு அப்படியே இருந்தது. ஆறாம் நாள் பால் சோற்றையும் மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. உடனே மெட்ராஸுக்குப் புறப்படச் சொன்னேன். மனைவி மலையைப் பார்த்துக் கும்பிட்டு, குழந்தைக்கு மொட்டை வேண்டிக்கொண்டாள். மத்தியான ரயிலுக்குத் துணிமணியைக் கட்டிவிட்டுப் பார்த்தால் மகளைக் காணோம்.

கொல்லையில் இருந்தாள். தன் தயிர்சாதத்தை உருட்டி உருட்டி நாய்க்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அதன் வயிறு பானை மாதிரி உப்பியிருந்தது. வேண்டாம் என்று திரும்பிக்கொண்டு, அவள் கெஞ்சினால் இன்னொரு வாய் வாங்கிக்கொண்டது. பயமும் ஆத்திரமும் ஒன்றாக வந்து கையை ஓங்கிவிட்டேன்.

"அடிக்காத நைனா! இது செத்துட்டா நானும் செத்துடுவேன்னு அம்மா அழுதிச்சில்ல? அதான் என் சோத்தயும் இதுக்கே போட்றேன்."

"எத்தினி நாளா?"

"நேத்திலேர்ந்து."

ஓங்கிய கை தானாக இறங்கியது. அவளைத் தூக்கிக்கொண்டு அழுதேன். அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பும் வந்தது. பின்னால் நாய் எழுந்து சட்டியில் சளக் சளக்கென்று தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. அதைவிட இனிமையான சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. கட்டிய மூட்டையை மனைவி அவிழ்த்துவிட்டாள்.

இருந்தாலும் பத்து நாள் முடிய வேண்டுமே. நாய்க்கு ஒரு வாய் வைக்காமல் மகள் சாப்பிட மறுத்தாள். அதனால் அவள் தட்டிலிருந்து முதல் உருண்டையை வாங்கிப்போய் நானே அதற்கு வைத்தேன். பத்தாம் நாள் கம்பவுண்டர் வந்து பார்த்தார். காலைத் தொட்டால்கூட அது வாலைத்தான் ஆட்டியது. "அவுத்து வுடுங்க சார்" என்று சிரித்தார். அவிழ்த்துவிட்ட பிறகும் அது மரத்தடியைவிட்டு நகரவில்லை. போ என்று விரட்ட எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

அன்று மத்தியானம் தட்டின் முன் உட்கார்ந்த மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நைனா, இன்னிக்கி நானே முழுசா சாப்டலாமா?"

"ஆங், சாப்பிடும்மா. உனக்கு ஒண்ணும் ஆகாது."

வேகவேகமாகச் சாப்பிட்டாள். கடைசி உருண்டையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, எழுந்து கொல்லைப் பக்கம் ஓடினாள்.