நாடகத்தை நம்பி மேட்னிக்குப் போனேன்

இன்னும் படபடப்பு அடங்கவில்லை. நடந்தது போன ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், ஊரே பார்க்க...

என் மகள் வசந்தாவுக்கு ஒட்டன்சத்திரத்தில் ஒரு வரன் பேசி வைத்திருந்தோம். காய்கறி மண்டி வைத்திருக்கும் குடும்பம். வெள்ளிக்கிழமை பூ வைக்க வருவதாகப் பேச்சு. பூ வைத்துவிட்டால் கல்யாணம் உறுதியான மாதிரிதான். ஆனால் பேச்சு ஆரம்பித்த நாளிலிருந்து வசந்தாவின் முகம் சரியில்லை. டீச்சர் ட்ரெயினிங்கைப் பாதியில் விட வேண்டுமே என்ற வருத்தம். புத்தி சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அந்தச் சமயத்தில்தான் மாப்பிள்ளையின் அம்மா சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை எடுக்க வந்தவர், எங்கள் வீட்டுக்கும் வந்தார். சம்பந்தி ஆகப்போகிறவரைச் சும்மா அனுப்ப முடியுமா? சினிமாவுக்கு அழைத்துப் போவதுதானே நம் ஊர் மரியாதை!

நல்ல வேளையாக — அப்படித்தான் நினைத்தேன் — ஒரு குடும்பப் படம் ஓடிக்கொண்டிருந்தது. மேடை நாடகமாக வந்த கதை. திண்டுக்கல்லில் அந்த நாடகம் நடந்தபோது நானும் வசந்தாவும் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம். அடம் பிடிக்கும் மகள், கடைசியில் அப்பா கண் கலங்கியதும் மனம் மாறி, அவர் பார்த்த மாப்பிள்ளைக்கே கழுத்தை நீட்டுவாள். சபையே அழுதது. நானும்தான். என் புத்திமதி செய்யாததை இந்தக் கதை செய்துவிடாதா?

பெண்கள் பக்கம் மூவரும் உட்கார்ந்தோம். நடுவில் வசந்தா. இடைவேளையில் முறுக்கு, சோடா. எல்லாம் நாடகத்தில் வந்தபடியே போனது. கடைசியில் மணவறை. அப்பா கண் கலங்கினார். நான் முந்தானையைத் தயாராக எடுத்துக்கொண்டேன்...

அந்தப் பெண் எழுந்தாள். மாலையைக் கழற்றி அப்பாவின் கையில் கொடுத்தாள். பந்தலை விட்டு வெளியே நடந்தாள். "வணக்கம்" என்று போட்டுப் படத்தை முடித்துவிட்டார்கள்.

முடிவை மாற்றலாமா? யாரைக் கேட்டு மாற்றினார்கள்? அந்த அதிர்ச்சியே தீரவில்லை. பக்கத்தில் பலமாகக் கைதட்டும் சத்தம். திரும்பினால் — என் பெண்!

சம்பந்தி அம்மாளைப் பஸ் ஏற்றிவிட ஜட்கா வண்டியில் கிளம்பினோம். பஸ் ஸ்டாண்ட் நெருங்கும்போது அவர்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"ஏன் கண்ணு, அப்படிக் கை தட்டினியே... எம் பையனைப் புடிக்கலியா?"

"உங்க பையனை ஒண்ணும் சொல்லல, அத்தை. நான் ட்ரெயினிங்கை முடிக்கணும்."

எனக்கு அந்த ஜட்காவிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது. அந்த அம்மாள் கோபப்படவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, புள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுத்தான் எங்ககிட்ட சரின்னு சொன்னீங்களா?"

இது என்ன கேள்வி? பெண்ணைக் கேட்டுக்கொண்டா வரன் பார்க்கிறோம்? என் வீட்டில் என்னைக் கேட்டார்களா?

"இப்பக் கேட்டுச் சொல்லுங்க. பூவை அப்புறம் வெச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் வசந்தாவைப் பிடித்துக்கொண்டேன். அந்த நாடகத்தில் அத்தனை பேர் முன்னால் அந்தப் பெண் சரி என்று சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"அது பொம்பளை வேஷம் கட்டுன ஆம்பளைம்மா" என்றாள். "அவருக்கென்ன? தாலியைக் கழட்டி வச்சுட்டு வீட்டுக்குப் போயிருப்பாரு."

மறுநாள் காலையில் கடைத்தெருவுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை விசேஷத்துக்குச் சொல்லி வைத்திருந்த மல்லிகைப்பூவை வேண்டாமென்று பூக்காரரிடம் சொல்லிவிட்டேன் — வசந்தாவை ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான்.