நாளைக்கு என்றால் நம்பாதவர்

கதவைச் சாத்தியதும் கைப்பிடியை இழுத்துப் பார்க்கிறார் ரெங்கராஜ். பாதிப் படி இறங்கியவர் மறுபடி ஏறி வந்து இன்னொரு தரம் இழுக்கிறார். மனைவி நாகவள்ளி உள்ளிருந்து தாழ்ப்பாள் போடும் சத்தத்தைத் தன் காதால் கேட்ட பிறகுதான் இந்த வேலை. "நான்தான் உள்ள இருக்கேன்ல, போயிட்டு வாங்க" என்று நாகவள்ளி குரல் கொடுப்பார். "எதுக்கும் இருக்கட்டும்" என்பார் இவர். வளைகுடாவில், அல் குசைஸ் பகுதியின் அந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த நாள் முதல் இதுதான் வழக்கம். எதிர்வீட்டு மலையாளிக் குடும்பம் இப்போதெல்லாம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

கடையில் மோர் வாங்கினால் தேதி பார்ப்பார். தேதி சரியாக இருந்தால், இவ்வளவு சரியாக இருக்கிறதே என்று மூடியை முகர்ந்து பார்ப்பார். டாக்ஸியில் ஏறினால் மீட்டரில் ஒரு கண், டிரைவர் மேல் ஒரு கண். சிடுமூஞ்சிக்காரர்களிடம் அவருக்குத் தகராறே கிடையாது. சிரித்த முகத்தோடு எவனாவது பேசிவிட்டால்தான் ஆபத்து. "ஆளு நல்லவன் மாதிரி இருக்கான். அதான் யோசனையா இருக்கு" என்பார்.

அட்டைப்பெட்டி அச்சடிக்கிற தொழிற்சாலையில் அவர் ஃபோர்மேன். மிஷின்களையும் நம்பமாட்டார். கடகடவென்று சத்தம் போடுகிற பழைய மிஷினை விட்டுவிட்டு, ஒழுங்காக ஓடுகிற புதிய மிஷினின் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். கம்பெனிக்கு இந்தக் குணம் பிடித்திருந்தது. உலகக் கோப்பைக் கால்பந்து நடந்து முடிந்த கோடையில், புது மிஷின் வாங்குவதற்கு முன் நேரில் ஓட்டிப் பார்த்து வரும்படி அவரையும், சென்னைக்கார இன்ஜினீயர் சதீஷ்குமாரையும் ஜெர்மனிக்கு அனுப்பியது. அப்படித்தான், அங்கத்திய வழக்கப்படி கம்பெனி வாங்கி ஆபீஸ் அலமாரியில் வைத்திருந்த ரெங்கராஜின் பாஸ்போர்ட் பல மாதங்களுக்குப் பிறகு அவர் கைக்கு வந்தது. நாகவள்ளி ஒரு துணிப்பை தைத்துக் கொடுத்தார். பாஸ்போர்ட் அதற்குள், பை சட்டைக்குள், கை சட்டையின் மேல். விமானத்தில் சாப்பிட்டதுகூட ஒரு கையால்தான் என்று சதீஷ்குமார் சத்தியம் செய்கிறார்.

சிரிக்கலாம். ஆனால் சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகாது. பல வருஷத்துக்கு முன், ரெங்கராஜ் அஜ்மானில் வேறொரு கம்பெனியில் இருந்தபோது, ஊரில் அப்பா இறந்துவிட்டதாகச் சேதி வந்தது. பாஸ்போர்ட் கம்பெனிப் பெட்டகத்தில் இருந்தது. மேனேஜர் தங்கமான மனிதர். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரவைத்தார், பால் விடாத சுலைமானி டீ வரவழைத்தார், தோளில் தட்டினார். "சாவி முதலாளிகிட்ட இருக்கு. புக்ரா வா பாய்" என்றார். புக்ரா என்றால் அரபியில் நாளைக்கு. மறுநாளும் நாற்காலி, மறுநாளும் சுலைமானி, மறுநாளும் புக்ரா. மூத்த மகன் வைக்க வேண்டிய கொள்ளியைச் சித்தப்பா மகன் வைத்தான். கருமாதிக்குக்கூட இவரால் போய்ச் சேர முடியவில்லை. "திட்டி வெரட்டியிருந்தா எம்பசியில போயி நின்னுருப்பேன் தம்பி. டீ குடுத்தே கெடுத்துட்டான்" என்று ரெங்கராஜ் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஜெர்மனியில் மிஷின் வேலை முடிந்த மறுநாள், வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்திருந்த வாடிக்கையாளர்களையெல்லாம் பக்கத்து ஊரின் பழைய நகரத்தைச் சுற்றிக்காட்ட அழைத்துப் போனார்கள். எல்லாம் நடைதான். வழிகாட்டி ஹெல்கா என்ற அம்மாள், பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வுபெற்றவர். கையில் சிவப்புக் குடை, முகம் நிறையச் சிரிப்பு. "நல்லவுக மாதிரி தெரியுது" என்று முணுமுணுத்துவிட்டு, ரெங்கராஜ் கூட்டத்தின் வாலில் போய் நின்றுகொண்டார்.

வழிகாட்டி பேசுவது கூட்டத்தில் எல்லோருக்கும் கேட்பதற்காகச் சந்தையடியில் ஒரு சிறிய அலுவலகத்தில் காதில் மாட்டும் கருவி கொடுத்தார்கள். கருவி திரும்பி வரும்வரை அடையாள அட்டையோ பாஸ்போர்ட்டோ அங்கே இருக்க வேண்டும். எல்லோரும் பாஸ்போர்ட்டைத் தட்டில் போட்டார்கள், ஏதோ கோயில் தட்டில் சில்லறை போடுவதுபோல. ரெங்கராஜின் கை சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"அண்ணே, எல்லாரும் குடுக்குறாங்க பாருங்க" என்றார் சதீஷ்குமார்.

"எல்லாரும் கெணத்துல விழுந்தா நானும் விழணுமா? எனக்குக் கேக்க வேணாம். நான் கண்ணால பாத்துக்கிறேன்."

ஹெல்கா அம்மாளுக்கு விஷயம் புரிந்தது. கைப்பையைத் திறந்து தன்னுடைய அடையாள அட்டையைத் தட்டில் போட்டுவிட்டு, ஒரு கருவியை வாங்கித் தானே அவர் காதில் மாட்டிவிட்டார். அவ்வளவுதான், ரெங்கராஜின் நிம்மதி போயிற்று. ஊர் பேர் தெரியாத ஒருவனுக்காகத் தன் பத்தாக்காவை யாராவது அடகு வைப்பார்களா? வளைகுடாவில் அடையாள அட்டைக்கு அதுதான் பெயர். பத்தாக்கா இல்லாமல் தெருமுனைக் கடைக்குப் போகக்கூட அங்கே ஆட்கள் பயப்படுவார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுகிற கதையாக அல்லவா இருக்கிறது!

அதன்பிறகு ஊர் அவர் கண்ணில் ஏறவே இல்லை. குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டம் வைத்துக் கட்டிய வீடுகளைக் காட்டி, ஐந்நூறு வருஷப் பழசு என்று காதுக்குள் ஹெல்கா அம்மாள் சொன்னார். "பெயிண்டு போன வாரம் அடிச்சது" என்றார் இவர். ஜன்னல்களில் கால்பந்துக்காகக் கட்டியிருந்த கொடிகளை எலெக்‌ஷன் கொடி என்று முடிவுகட்டினார். கோட்டைக் கதவுக்குள் ஒரே ஓர் ஆள் குனிந்து நுழைகிற குட்டிக் கதவு இருந்தது. இருட்டிய பிறகு வருகிறவன் யார், எவன் என்று விசாரித்த பிறகே அந்த வழியாக விடுவார்களாம். அங்கே மட்டும் ரெங்கராஜ் நின்று, மரத்தைத் தடவிப் பார்த்து, "வெவரமான ஆளுக" என்று பாராட்டினார். மற்றபடி அவர் நினைப்பெல்லாம் அந்தத் தட்டின் மேல்தான். அம்மாள் அட்டையைப் பற்றிய கவலையே இல்லாமல் குடையை ஆட்டிக்கொண்டு நடந்தது அவரை இன்னும் பதறவைத்தது.

ஒரு நீரூற்றருகே நடை முடிந்தது. அம்மாள் எல்லோருக்கும் கைகொடுத்து, குடையை மடக்கிக்கொண்டு ஒரு சந்துக்குள் போய்விட்டார். அலுவலகத்தில் கருவியைத் திருப்பிக் கொடுத்தவர்களுக்கு அவரவர் பாஸ்போர்ட் வந்தது. ரெங்கராஜின் கையில் ஹெல்கா அம்மாளின் அட்டை வந்தது.

வேறு ஒருத்தர் பத்தாக்கா, அந்நிய தேசத்தில், தன் கையில்! வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனாரோ? போலீஸ் வருமோ? அட்டையிலிருந்த படத்தைப் பார்த்தார். அங்கே மட்டும் அம்மாள் சிரிக்கவில்லை. அந்தச் சிரிக்காத முகத்தைப் பார்த்ததும், அட்டையைக் காணாமல் இந்த அம்மாள் எங்கே போய் நிற்பார் என்று தோன்றியது.

மேசைக்குப் பின்னாலிருந்த பெண் கையை நீட்டினாள். இங்கேயே வைத்துவிடுங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லி அழகாகச் சிரித்தாள். "டுமாரோ. ஷி வில் கம் டுமாரோ."

ரெங்கராஜின் விரல்கள் அட்டையின் மேல் மூடிக்கொண்டன.

"டுமாரோ மாஃபி!" என்றார். பதற்றம் வந்தால் அவருக்கு அரபியும் இந்தியும்தான் வாயில் வரும்; 'கிடையாது' என்பதற்கு அரபியில் மாஃபி. "மாஃபி டுமாரோ! மேடம் கிதர்? கிதர் கயா?" அம்மாள் எங்கே போனார் என்று கேட்டார்.

வெளியே, அவர்களை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போக வந்திருந்த பஸ் ஹாரன் அடித்தது. "அண்ணே, அந்தப் பொண்ணுகிட்ட குடுத்துட்டு வாங்க. பஸ்ஸ விட்டா ஃபிளைட்டும் போச்சு" என்று கத்தினார் சதீஷ்குமார். விமானத்தை விட்டால் விசா என்ன ஆகும், கம்பெனி என்ன சொல்லும் என்பதெல்லாம் ரெங்கராஜுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் சந்துக்குள் ஓடினார். கல் பாவிய தெரு வழுக்கியது. ஒவ்வொரு கடைக்குள்ளும் தலையை நீட்டி, "மேடம்? லால் சத்ரி மேடம்?" என்று கேட்டார். சிவப்புக் குடை அம்மாளைத்தான் கேட்கிறார் என்று அந்த ஊரில் யாருக்குப் புரியும்? ஒரு கிழவர் பயந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இன்னொரு பெண் நாயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சந்தேகப்பட்டே பழகியவருக்கு, பிறர் தன்னைச் சந்தேகமாகப் பார்ப்பது எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைசியில், ரொட்டிக்கடை வாசலில் காகிதப் பையோடு நின்றிருந்தார் ஹெல்கா அம்மாள். ரெங்கராஜ் மூச்சு வாங்க அட்டையை இரண்டு கையாலும் நீட்டினார்.

"அடடா" என்கிற மாதிரி அம்மாள் நெற்றியில் தட்டிக்கொண்டார். அங்கேயே விட்டிருக்கலாமே, நாளைக்கு எடுத்திருப்பேனே என்று சிரித்தபடி, தோள்பையின் வெளிப்பக்கத்து உறைக்குள் அதைப் போட்டார். அந்த உறைக்கு ஜிப்பும் இல்லை, பித்தானும் இல்லை. அட்டையின் முனை வெளியே எட்டிப் பார்த்தது.

ரெங்கராஜ் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஹாரன் மறுபடி கேட்டது. சட்டைக்குள் கையை விட்டார். துணிப்பையைப் பனியனோடு சேர்த்துக் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினார். பை பாஸ்போர்ட்டோடு அவர் கைக்கு வந்துவிட்டது. ஊக்குக் குத்த இரண்டு கையும் வேண்டும்.

"செத்த பிடிங்கம்மா" என்று பாஸ்போர்ட்டை அந்த அம்மாளின் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து, அவருடைய பையின் வாயைச் சேர்த்துப் பிடித்து ஊக்கைக் குத்தத் தொடங்கினார்.