கறுப்புக் கண்ணாடி போட்டு எடுத்த மஞ்சள்

பெயின்ட் கடையில் அன்று இருந்தது நான், அம்மா, சின்னம்மா மூன்று பேர். அப்பா வரவில்லை. ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேட்டில் அவருக்கு செக்யூரிட்டி வேலை; ஞாயிற்றுக்கிழமையும் டூட்டி போட்டுவிட்டார்கள். "அடுப்படி அவளுது. இன்னா கலர்னு அவளே சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். வடக்குப்பட்டில் நாங்கள் கட்டிய வீட்டில் மற்ற சுவர்களுக்கெல்லாம் வெள்ளை என்று அவரே முடிவு செய்துவிட்டார். அம்மாவிடம் விட்டது அடுப்படியை மட்டும்தான்.

அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்து சில நாள்தான் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியோடு வந்திருந்தாள். இடது கண்ணிலும் புரை இருந்தது. அதையும் எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியும் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. தொழிலாளர் ஹாஸ்டல் ஒன்றில் சமையல் வேலை அவளுக்கு. "இன்னொரு வாட்டி லீவு கேட்டா வேற ஆளப் போட்டுக்குவான். ஒரு கண்ணு போதும்டா. நான் இன்னா கார் ஓட்டப் போறனா?" என்பாள். அரிசியில் கல் இருக்கிறதா என்று அவள் கையால் தடவித் தடவிப் பார்ப்பதை நான் கவனித்திருந்தேன். எப்படியாவது அவளை ஒத்துக்கொள்ள வைத்துவிட வேண்டும். அப்போது எனக்கிருந்த கவலை அது ஒன்றுதான்.

கடைக்காரர் கலர் அட்டையை விரித்தார். எங்கள் மூவரில் அதிலிருந்த பெயர்களைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆனால் அம்மா என்னைப் படிக்கவே விடவில்லை. விரல் கட்டம் கட்டமாக ஊர்ந்து போய் ஒன்றின்மேல் நின்றது.

"இது. சந்தனம் மாதிரி அமைதியா கீது."

"நல்லா கண்ணைப் பறிக்கிற மஞ்சள்மா அது" என்றார் கடைக்காரர்.

"எனக்கு அமைதியாதான் தெரியுது."

"கூலிங் கிளாஸ் போட்டுகினு கலர் பாக்குற ஒரே ஆளு நீதாங்க்கா" என்று சின்னம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்தேனே தவிர, யோசிக்கவில்லை. இத்தனைக்கும் கார் கம்பெனியில் பெயின்ட் செக்‌ஷனில்தான் எனக்கு வேலை. லைனில் வரும் வண்டியின் கதவும் பம்பரும் ஒரே கலராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண் லேசாகச் சிவந்திருந்தால்கூட அன்றைக்கு அந்த இடத்தில் நிற்க விடமாட்டார்கள். ஆனால் புடவைக் கடையில்கூட "எதுனா ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கி வரும் அம்மா, முதல் தடவையாக ஒன்றைத் தொட்டு "இது" என்றதும் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. மெஷின் வெள்ளை பெயின்ட்டில் சொட்டுச் சொட்டாகச் சாயத்தை விட்டுக் குலுக்கியது. கலந்த பெயின்ட்டைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று சொல்லித்தான் வாளியைக் கொடுத்தார்கள்.

அடுத்த வாரம் டாக்டர் கண்ணாடியைக் கழற்றலாம் என்றார். அதற்குள் பெயின்டர் அடுப்படியில் ஒரு பக்கச் சுவரை முடித்திருந்தார். அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அய்யய்ய! இன்னாடா இது, கம்பெனி பஸ்ஸக் கொண்டாந்து உள்ள வுட்டுகீறீங்க?"

பெயின்டர் பிரஷ்ஷை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் கறுப்புக் கண்ணாடி ஞாபகம் வந்தது. கலர் அட்டையை எடுத்துக்கொண்டு அம்மாவைப் பின்வாசலுக்கு, நல்ல வெளிச்சத்துக்கு அழைத்துப் போனேன். லைனில் செய்வதுபோல அட்டையை நிமிர்த்திப் பிடித்து, வெளிர் நீலக் கட்டம் ஒன்றைக் காட்டினேன்.

"நீலம்" என்றாள். கண்ணில் தூசு விழுந்ததோ என்னவோ, வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு மறுபடி பார்த்தாள். "இல்லடா, பாசி மாதிரி கீது." கையை எடுத்தாள். "நீலம்." மூடினாள். "பாசி."

பிறகு அவள் என்னை மறந்துவிட்டாள். ஒரு கண்ணை மூடி வானத்தைப் பார்த்தாள். மறு கண்ணை மூடிப் பார்த்தாள். கொடியில் காய்ந்த துண்டு, எவர்சில்வர் குடம், தன் உள்ளங்கை என்று ஒவ்வொன்றையும் இரண்டு இரண்டு தடவை. கடைசியில் என் வெள்ளை யூனிஃபார்ம் சட்டையின் காலரைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னாடா, இவ்ளோ நீலமா கீது?"

"நீதானம்மா தோய்க்கிற."

"மஞ்சளாவே தெரிஞ்சுதுடா. அழுக்கு போவலன்னு ஒவ்வொரு வாட்டியும் இன்னும் கொஞ்சம் சொட்டு நீலம் வுட்டுகினே இருந்தேன். அப்பவும் போவல."

லைனில் என் சட்டையைப் பார்த்து "இன்னா மச்சான், வானத்துலேருந்து எறங்கி வர்றியா?" என்று கிண்டல் செய்திருக்கிறார்கள். மட்டமான சோப்பு என்றுதான் நினைத்திருந்தேன். நாள் முழுக்கக் கலர் பார்க்கிறவன் நான். என் வீட்டிலேயே ஒருத்தி பழுப்பேறிய உலகத்தில் அத்தனை காலம் நடமாடி, அது சட்டையின் அழுக்கு என்று நம்பிக் கசக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அட்டைமேல் எங்கள் இருவரின் நிழலும் விழுந்துகொண்டிருந்தது. ஒரே கட்டம். அதில் நான் பார்ப்பது ஒன்று, அவள் பார்ப்பது இரண்டு.

அம்மா அந்த நீலக் கட்டத்தின்மேல் விரலை வைத்தாள்.

"இத அடிக்கச் சொல்லு. லீவு குடுத்தா குடுக்கட்டும், இல்லாட்டி அவனே ஆக்கித் துன்னட்டும். அந்தக் கண்ணுலயும் புரைய எடுத்துடலாம். வூட்டு அடுப்படி ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் பாசின்னா எப்பிடிடா சமைக்கிறது?"

அந்தக் கண்ணிலும் புரையை எடுத்தார்கள். முதல் கண்ணைப் போலவே இலவசமாக. ஹாஸ்டல்காரர் முனகிக்கொண்டே லீவு கொடுத்தார். கண்ணாடியைக் கழற்றிய அன்று அம்மா அடுப்படி நடுவில் நின்று வலதை மூடினாள், இடதை மூடினாள், பிறகு இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அடுப்பில் வைத்திருந்த பால் பொங்கி வழிந்தது. அம்மா, அப்பா, நான் மூவரில் யாரும் அடுப்பை அணைக்கவில்லை.

மிச்ச மஞ்சளை அப்பா பாத்ரூமுக்கு அடித்துவிட்டார். அந்த வாளி, நீல வாளி, பெயின்டருக்கு இரண்டு முறை கொடுத்த கூலி எல்லாம் சேர்த்து அடுப்படிக்கு மொத்தம் எட்டாயிரத்து அறுநூறு ரூபாய் ஆனது.