ஆட்டுக் கொட்டகையில் ஒரு குளியலறை

மழையின் முதல் தூறல் மண்ணில் பட்டதுமே, எங்கள் காய்கறிப் பாத்திகளுக்குப் பின்னால் சும்மா கிடந்த கொட்டகையிலிருந்து ஆட்டு வாடை எழுந்து வரும். ஆடுகள் போய் ஒரு வருடத்துக்கு மேலாகியும் மண்ணுக்குள் ஊறிக் கிடந்த அந்த நெடி, ஈரம் கண்டதும் உயிர் பெற்றுப் பின்கதவு வழியாக நுழைந்து, அடுப்பு ஊதிக்கொண்டிருக்கும் அம்மாவை முகம் சுளிக்க வைக்கும். "ஆடு போயும் வாடை போகலையே" என்பார் அம்மா.

அந்த ஆடுகளைக் கொண்டுபோனது புலி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாய் நாட்டில் செமோருக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் நடுவே இருந்த ரப்பர்த் தோட்டங்களில், கடைசி வரிசைப் பால்மரம் முடிகிற இடத்தில் காடு தொடங்கிவிடும். எங்கள் தோட்டத்தில் புலியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட மாட்டார்கள். "பெரியவர்" என்றுதான் சொல்வார்கள். பெரியவர் வந்துபோன பிறகு அப்பா மறுபடியும் ஆடு வாங்கவில்லை. மூங்கில் பட்டிகள் இற்று, அத்தாப்பு ஓலைக் கூரை ஒரு பக்கம் சரிந்து, விறகு அடுக்கக்கூட லாயக்கில்லாமல் அந்தக் கொட்டகை நின்றுகொண்டிருந்தது.

அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டுகிறவர்கள். எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். என் அக்கா வள்ளி அந்த வருடம்தான் பெரியவளாகி, சட்டையை விட்டுத் தாவணிக்கு மாறியிருந்தாள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயத்தில் இருபுறத்து வீடுகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு தண்ணீர்க் குழாய், "பைப்படி" என்போம். பெண்கள் மார்புக்கு மேல் கைலியை ஏற்றிக் கட்டிக்கொண்டு அங்கேதான் குளிப்பார்கள். கள்ளுக்கடைக்குப் போகும் பாதை அதை ஒட்டியே போனது. வயதான பெண்கள் பழகிப்போய் எதையும் கண்டுகொள்ள மாட்டார்கள். சிறுபிள்ளைகளான எங்களுக்கு அதைப் பற்றிய நினைப்பே கிடையாது. நடுவில் அகப்பட்டுக்கொண்டவள் வள்ளியக்காதான்.

ஒருநாள் அவள் தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தபோது, புல்வெட்டு வேலை செய்யும் சின்னப்பன் என்பவர் கள் குடித்துவிட்டு அந்த வழியே வந்தார். குழாயடியில் நின்று, ஊருக்கே கேட்கும்படி, "என்னா புள்ள, கைலிய அந்த இறுக்கு இறுக்குறே? நாங்க என்னா பார்க்காததா?" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா தலையில் சீயக்காய் வழிய வழிய வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அடுப்படியில் குனிந்து உட்கார்ந்து, குடிக்க வைத்திருந்த பானைத் தண்ணீரில் தலையை அலசினாள். அம்மா திட்டவில்லை. செம்பை வாங்கி அம்மாவே ஊற்றினார்.

அதற்குப் பிறகு அவள் பைப்படிப் பக்கம் போகவில்லை. ஆண்களெல்லாம் பால் நிறுக்கப் போயிருக்கும் வேளை பார்த்து ஆற்றுக்குப் போவாள். கரையில் நான் காவல். யாராவது வந்தால் நான் குயில் மாதிரி கூவ வேண்டும் என்பது ஏற்பாடு. யாரும் வந்ததில்லை, ஆனாலும் நான் பொழுதுபோகாமல் கூவி அவளிடம் குட்டு வாங்கியிருக்கிறேன். ஒரு மத்தியானம் நாங்கள் மணல் திட்டில் இறங்கியபோது, ஈர மணலில் அப்பாவின் உள்ளங்கை அகலத்துக்குத் தடங்கள் பதிந்திருந்தன. அவற்றில் தண்ணீர் அப்போதுதான் மெல்ல ஊறி நிறைந்துகொண்டிருந்தது. அக்கா என் வாயைப் பொத்தினாள். வாளியை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடி வந்தோம்.

அன்று சாயங்காலம் அப்பா, "இனிமே ஆத்துப் பக்கம் யாரும் போகக் கூடாது" என்றார்.

"பைப்படிக்கும் நான் போகமாட்டேன்" என்றாள் அக்கா.

"அப்ப எங்கதான் குளிப்பா?" என்று அம்மா அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

அப்பா பின்கதவு வழியாகத் தெரிந்த கொட்டகையைக் கை காட்டி, "அங்க. நானே கட்டுறேன்" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குக் காரணம் இருந்தது. அப்பா முன்பு செய்த முக்காலிக்கு மூன்று காலும் மூன்று உயரம். சுவரில் சாய்த்து வைத்தால்தான் நிற்கும். அவர் அடித்த ஆணி எதுவும் நேராக இறங்கியதில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது, முண்டாசு கட்டிக்கொண்டு, கடையில் கேட்டு வாங்கிய காலி மண்ணெண்ணெய் டின்களோடு வாசலில் நின்றார். அவற்றை வெட்டிப் பிரித்துத் தட்டையாக்கினால் சுவருக்குத் தகரம் ஆயிற்று. தட்டுவதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் அம்மாவின் அம்மிக்கல். லயம் முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. அதைவிடப் பலமாக அம்மாவின் சத்தம் கேட்டது.

பொழுது சாய்வதற்குள் மூன்று பக்கமும் சுவர் எழும்பிவிட்டது. அக்கம்பக்கத்தார் பார்க்க வந்தார்கள். அப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எப்படி இருக்கிறது என்று காட்டுவதற்காக ஒரு ரப்பர்க் கட்டைக் கம்பத்தைத் தட்டினார். அந்தக் கம்பம் பக்கத்துக் கம்பத்தின்மேல் சாய்ந்தது. அது அடுத்ததன்மேல் சாய்ந்தது. தகரமும் ரப்பர்க் கட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக்கொண்டன. பக்கத்து வீட்டு மாரி மாமா, "மச்சான், ஆடு போனதே நல்லதுலா. இருந்திருந்தா இன்னிக்கு நசுங்கிச் செத்திருக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், ஆனால் கூட்டம் கலைந்த பிறகு, விழுந்த தகரங்களின் நடுவே தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்துவிட்டார்.

வள்ளியக்கா பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் பக்கத்தில் போய்க் குழிகளைப் பார்த்தாள். "ஆழம் பத்தலப்பா" என்றாள். கடப்பாரையை எடுத்து அவளே தோண்ட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து மண்ணை அள்ளிப்போட்டார். என் அப்பா வேலை தெரியாதவர்தான். ஆனால் மகள் சொல்லி ஒரு வேலையைத் திருப்பிச் செய்வதில் அவமானம் ஒன்றும் இல்லை என்று நினைத்த மனிதர். அந்தக் காலத்தில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் இல்லை.

இந்த முறை ரப்பர்க் கட்டை வேண்டாம், கறையான் தின்றுவிடும் என்று அம்மா சொன்னார். ஓடைக்கு அந்தப் பக்கம் காய்கறி பயிரிட்ட சீனர் ஆ சாய் வீட்டில் நல்ல மூங்கில் புதர் இருந்தது. அவர் பன்றிகளுக்கு வாழைத்தண்டு வேண்டும். எங்கள் பாத்தியோரம் குலை வெட்டிய வாழைமரங்கள் நின்றன. அப்பாவுக்கும் அவருக்கும் தெரிந்த பொதுமொழி அரைகுறை மலாய். அப்பா வாழையைக் காட்டினார், மூங்கிலைக் காட்டினார். அவர் சரி என்பதற்கு "போலே, போலே" என்று தலையாட்டினார். பேச்சு முடிந்தது. அடுத்த ஞாயிறு மூங்கில் கம்பங்கள் என் இடுப்பு ஆழத்துக்கு இறங்கின. ரோத்தான் என்னும் பிரம்புக் கொடியால் அக்கா கட்டிய கட்டுகளை அப்பாவால் அவிழ்க்க முடியவில்லை. தகரங்களை எடுத்துக் கொடுப்பது என் வேலை. விரலைக் கிழித்துக்கொண்டு அழுததும் என் பங்குதான். ரப்பர் அனுப்பும் பெட்டிப் பலகையில் கதவு. கதவுக்கு உள்பக்கம் ஒரு மரத் தாழ்ப்பாள்.

முதல்நாள் அக்கா உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். நெடுநேரம் தண்ணீர்ச் சத்தமே கேட்கவில்லை. என்னவோ ஏதோவென்று நான் கதவைத் தட்டினேன். "சும்மாதான்டி நிக்கிறேன். போ" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

பிறகு பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். முதலில் மாரி மாமாவின் மனைவி, பிறகு புதிதாகப் பிள்ளை பெற்றவள், பிறகு காத்தாயி அத்தை. அம்மா யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. "தண்ணி அவங்கவங்க கொண்டாரணும்" என்பது மட்டும்தான் சட்டம். சாயங்காலமானால் எங்கள் பாத்தியோரம் வாளிகள் வரிசையில் நின்றன. எல்லோருக்கும் சந்தோஷம். குளித்த தண்ணீர் எங்கே போகிறது என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

யோசித்தவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர். லயத்தைச் சுற்றிப் பார்க்க வந்தவர், கொட்டகைக்குப் பின்னால் தேங்கிக் கிடந்த சோப்புக் குட்டையைப் பார்த்தார். குனிந்து பார்த்துவிட்டு, "கொசுப் புழு நெளியுது பாருங்க. அடுத்த வாட்டி தொரையோட வருவேன். அப்பவும் தண்ணி நின்னா பிரிச்சுடச் சொல்லுவாரு" என்றார்.

அவர் போன பிறகு அப்பா அவரைத் திட்டினார். அம்மா திட்டவில்லை. எனக்குப் பின்னால் பிறந்த தம்பியை இரண்டு மழைக்காலத்துக்கு முன்பு குளிர்காய்ச்சலுக்குத்தான் கொடுத்திருந்தோம். அம்மா அந்தக் குட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய்க் கதவின் பலகையைப் பிடித்து இழுத்தார். "அவரு சொல்றது தப்பில்ல. ஒரு புள்ளைய வாரிக் கொடுத்தது போதும். பிரிச்சுடலாம்."

வள்ளியக்கா ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அழுதாள் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "வேணாம்மா. கொட்டகை மேல தப்பில்ல. தண்ணிதான் நிக்கக் கூடாது. அதப் போக வைப்போம்மா."

மறுநாள் வேலை முடிந்ததும் அக்கா அப்பாவோடு சேர்ந்து வாய்க்கால் வெட்டத் தொடங்கினாள். அதை நாங்கள் மலாய்ப் பேச்சில் "லொங்காங்" என்போம். கொட்டகையிலிருந்து சரிவில் இறங்கி, வாழைகளைத் தாண்டி, ஓடைவரை போக வேண்டும். அங்கே குளித்த பெண்கள் எல்லோரும் யாரும் கூப்பிடாமலே மண்வெட்டியோடு வந்தார்கள். மாரி மாமாவும் வந்தார். இந்த முறை கேலி பேசவில்லை. ஆனால் உள்ளே தரைக்கும் வாய்க்காலுக்கும் கல் வேண்டியிருந்தது. ஈயம் தோண்டிக் கைவிட்ட "லம்பம்" ஒன்று அரை மைல் தள்ளி இருந்தது; அங்கே கழுவிய சரளைக் கல் குவியல் குவியலாகக் கிடக்கும். கூடையில் சுமந்து சுமந்து பெண்களுக்குத் தலை வலித்துப்போனது.

அப்போதுதான் ஒரு மாலை, தோளில் கோணி மூட்டையோடு சின்னப்பன் வந்து பாத்தியோரம் நின்றார். அன்று அவர் குடித்திருக்கவில்லை. யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், "கல்லு கொண்டாந்தேன்" என்றார். அப்பா கையில் பாராங் கத்தி இருந்தது. மூங்கில் சீவிக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றார். பெண்கள் கைவேலையை நிறுத்திவிட்டார்கள்.

"அப்பா, கல்லு என்னா பண்ணுச்சு? கொட்டச் சொல்லுங்க" என்றாள் வள்ளியக்கா. பிறகு அவளே அவர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, பைப்படியில பொம்பளைங்க நிக்கிறப்ப இனிமே அந்த வழியா வராதீங்க. லயத்தச் சுத்திப் போங்க. உங்க கூட்டாளிங்களையும் சுத்திப் போகச் சொல்லுங்க."

சின்னப்பன் தலையை ஆட்டினார். கல்லைக் கொட்டிவிட்டு, காலிக் கோணியோடு மறுபடியும் லம்பத்துப் பக்கம் நடந்தார். அதற்குப் பிறகு அவர் அந்தச் சொல்லைக் காப்பாற்றினார் என்றே சொல்ல வேண்டும். கள் கொஞ்சம் கூடிப்போன நாட்களில், லயத்தின் கோடியைச் சுற்றிக்கொண்டு போகும் பாதையிலிருந்து அவர் பாட்டு மட்டும் தூரத்தில் கேட்கும்.

தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் தொரை தொப்பியும் பூட்ஸுமாக டிரசரோடு வந்த நாளில் லயத்துப் பெண்கள் பாதிப் பேர் எங்கள் பாத்தியில் நின்றார்கள். தொரை நேராகப் போய்க் கதவில் கை வைத்தார். உள்ளிருந்து காத்தாயி அத்தையின் குரல் இடி மாதிரி வந்தது: "எவன்டா அவன்? பொம்பள குளிக்கிறது தெரியல?" தொரைக்குத் தமிழ் கொஞ்சம் புரியும். முகம் செக்கச்செவேலென்று ஆகிப் பின்னால் நகர்ந்தவர், கீரைப் பாத்தியில் கால் வைத்து வழுக்கி, டிரசரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிரிக்கக் கூடாது என்று அம்மா என் தலையைத் தன் இடுப்பில் அழுத்திக்கொண்டார். அம்மாவின் வயிறு குலுங்கியது எனக்குத் தெரிந்தது. அத்தை ஊற்றிய தண்ணீர் எல்லோர் கண்ணெதிரிலும் சரளைக்கல்லின் மேல் சலசலத்து இறங்கி, வாழைகளைக் கடந்து, ஓடைக்குப் போய்ச் சேர்ந்தது. டிரசர் அதன் கூடவே கடைசிவரை நடந்து பார்த்துவிட்டு வந்தார். தொரை இங்கிலீஷில் என்னவோ சொன்னார்.

"இருக்கட்டுங்கறாரு" என்றார் டிரசர். அம்மாவைப் பார்த்துத் தாமாகவே, "நல்லா வெட்டியிருக்கீங்க" என்றும் சொன்னார்.

ஒரு வருடமோ என்னவோ கழித்துத் தோட்டத்து நிர்வாகமே லயத்துக்கு ஒரு தகரக் குளியலறை கட்டிக் கொடுத்தது. எங்களுடையதைப் பார்த்துத்தான் கட்டினார்களா என்று எனக்குத் தெரியாது. அப்பா மட்டும் சாகும்வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்று அந்த லயம் இல்லை. கள்ளுக்கடை இல்லை, ஆ சாயின் மூங்கில் புதர் இல்லை; லம்பத்துக் குழியில் தண்ணீர் நிறைந்து ஏரியாகி, யாரோ மீன் வளர்க்கிறார்கள். பால்மரங்கள் நின்ற மேட்டில் வரிசை வரிசையாகக் கல்வீடுகள் எழும்பிவிட்டன. அவற்றில் குடியிருக்கும் பிள்ளைகளுக்குப் புலி என்றால் பள்ளிப் புத்தகத்தில் இருக்கும் படம். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் குழாய் இருக்கிறது.

வள்ளியக்கா சுங்கை சிப்புட்டில் மகன் வீட்டில் இருக்கிறாள். எழுபதைத் தாண்டிவிட்டாள். போன வாரம் ஈப்போவில் இருக்கும் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். வீட்டுக்குப் பின்னால் கோழிக்குக் கொட்டகை போடுகிறாளாம். மகன் ஆள் வைத்துச் செய்யலாம் என்கிறானாம். மருமகள் ஏணியை ஒளித்து வைத்துவிட்டாளாம்.

"நான் கண்டுபிடிச்சிட்டேன்டி. கூரை மட்டுந்தான் பாக்கி. ஏணியப் புடிக்க ஆளில்ல. நீ வாரியா?" என்றாள்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறேன்.