ட்ரவுட் மீன்குழம்பு

தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டன் மோர்டனில் ஓர் அறையில் தனியே இருந்தேன். கிழமை முழுக்க என்னோடு ஒருத்தரும் கதைக்க மாட்டார்கள். பக்கத்து ஆற்றில் தூண்டில் போடுகிறவர்கள் ஞாயிறுகளில் இறங்கிக் குப்பை அள்ளுவார்கள். அவர்களில் ஒரு கிழவர் மட்டும் எனக்குக் கை காட்டுவார்.

அவருக்கு ஏதாவது கொடுக்கவேண்டும் போலிருந்தது. ஒரு சனிக்கிழமை, ஆழமில்லாத இடத்தில் புள்ளி போட்ட பெரிய மீனொன்றைக் கண்டேன். வாளியால் மடக்கிப் பிடித்து, புளிவிட்டுக் குழம்பு வைத்து, மறுநாள் சட்டியோடு கொண்டுபோனேன்.

மூடியைத் திறந்தவர் மீன்தலையையே பார்த்தார்.

"எங்கே வாங்கினாய்?"

"வாங்கேல்லை. இங்கைதான் பிடிச்சனான்," என்றேன் பெருமையாக.

அவர் கரையில் அப்படியே குந்திவிட்டார். "இது செத்துக் கிடந்த ஆறு. நாங்கள்தான் ட்ரவுட் குஞ்சுகளை விட்டோம். வளர்ந்த மீனென்று நான் பார்ப்பது இதுதான் முதல்."

சட்டியையும் விட்டுவிட்டு ஓடிவந்தேன்.

இரண்டு ஞாயிறு ஆற்றுப் பக்கமே போகவில்லை. அறைக்குள் இருக்க ஏலாமல் மூன்றாம் ஞாயிறு போனேன். சட்டியைக் கழுவி வைத்திருந்தார். எங்கள் ஆட்கள் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. அவரும் கொடுக்கவில்லை. உள்ளே ஒரு சோடி ரப்பர் கையுறை இருந்தது.

அன்று இருவருமாக ஒரு துருப்பிடித்த சைக்கிளை இழுத்துக் கரையில் போட்டோம். பிறகு எத்தனையோ ஞாயிறுகள். அந்தக் குழம்பைச் சாப்பிட்டாரா என்று கேட்க மட்டும் எனக்குக் கடைசிவரை வாய் வரவில்லை.